லாரிப் பட்டையில் மீன் கத்தி: தோய்ச்சலில் விரிசல் விடுது, வாய் சில்லு போகுது. எங்கே தப்பு?

முதுநகர்_உலை

வணக்கம். கடலூர் முதுநகரில் மீன் வெட்டுகிறவர்களுக்காகக் கத்தி அடிக்கிறோம். அலகு 8 அங்குல நீளம், 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான அகலம், முதுகு 4 மி.மீ. வஞ்சிரம், பாறை மாதிரி பெரிய மீனைத் துண்டு போடுவதற்கு. நடுமுள்ளில் அடி விழும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு பழைய லாரிப் பட்டை (லாரியின் வில் தகடு), 60 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம். உலைக்குச் சவுக்குக் கரி, சின்ன ப்ளோயர். தோய்ச்சல் (காய்ச்சிய அலகை முக்கிக் கெட்டியாக்குவது) வாளித் தண்ணீரில்.

தண்ணீரில் இறக்கும்போது சில கத்திகளில் 'டிக்' என்று சத்தம் வருகிறது. துடைத்துப் பார்த்தால் வாயிலிருந்து (வெட்டும் ஓரத்திலிருந்து) மேல்நோக்கி மயிரிழை விரிசல். தப்பியவற்றில் சிலது முள்ளில் பட்டதும் சில்லு சில்லாகப் போகுது, சிலது நேர்மாறாக வாய் மடங்கிக்கொள்கிறது. இரண்டும் ஒரே பட்டையில் வெட்டியவை, அதுதான் புரியவில்லை. சில அலகு பக்கவாட்டில் வளைந்தும் போகிறது.

எண்ணெய்க்கு மாறினால் இதெல்லாம் சரியாகிவிடுமா? எந்த எண்ணெய், எவ்வளவு? ஓவன் இல்லாமல் பதம் வைக்க (தோய்த்த பிறகு மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் குணத்தைக் குறைக்க) வழி உண்டா? உப்புக்காற்றில் துரு பிடிப்பதற்கும் பிடி ஆடுவதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

---

பட்டடைக்கல் (வில்லியனூர்)

எண்ணெய்க்கு மாறத்தான் வேண்டும். ஆனால் எண்ணெய் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஒரே பட்டையில் வெட்டிய கத்தி ஒன்று சில்லு போய், இன்னொன்று மடங்குகிறது என்றால் தப்பு சூட்டில் இருக்கிறது. சில்லு போனது அதிகமாகக் காய்ந்தது, அல்லது பதம் வைக்காதது. மடங்கியது போதுமான அளவு காயாமலே தோய்க்கப்பட்டது.

முதலில் பட்டையைப் பாருங்கள். நம் ஊரில் கிடைக்கும் லாரிப் பட்டை பெரும்பாலும் ஈஎன் 45 மாதிரி சிலிக்கன் எஃகு, அல்லது எஸ்யூபி 9 மாதிரி குரோமியம் சேர்ந்த எஃகு. இரண்டிலும் கரி (கார்பன்) 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். இரண்டுமே எண்ணெயில் தோய்க்க ஏற்றவை. மெல்லிய அலகைத் தண்ணீரில் இறக்கினால் மேல்தோல் முதலில் குளிர்ந்து கெட்டியாகிவிடும். எஃகு கெட்டியாகும்போது சற்று விரியும். உள்ளே இருப்பது பிறகு கெட்டியாகி விரியும்போது, ஏற்கெனவே கண்ணாடியாக நிற்கும் தோலைப் பிளந்துவிடுகிறது. அந்த 'டிக்' அதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். ஓடித் தேய்ந்த பட்டையில் பழைய விரிசல் ஒளிந்திருக்கும். நடு போல்ட் துளையைச் சுற்றி இரண்டு விரல் அகலமும், இரு முனையிலும் சுருட்டிய கண் பகுதியும் கத்திக்கு வேண்டாம். மிச்சத்தை கிரைண்டரில் பளிச்சென்று தேய்த்து, டீசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளை மெல்லப் பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த டீசல் கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். அஞ்சு ரூபாய் செலவில்லாத சோதனை, ஏனோ யாரும் செய்வதில்லை.

அடிக்கும்போது: முழு அகலப் பட்டையை இழுத்து நீட்டுவது கை ஒடிக்கும் வேலை. நீளவாக்கில் 30 மி.மீ. அகலமாகப் பிளந்து 18 செ.மீ. துண்டு எடுத்தால் உங்கள் அளவுக் கத்திக்கு, காம்பு (பிடிக்குள் போகும் பகுதி) உட்பட, சூட்டில் உரியும் செதிலும் அரமும் தின்பது போகச் சரியாக இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் அடி ஆரம்பித்து, மங்கல் சிவப்புக்கு இறங்கும் முன் நிறுத்துங்கள். சிவப்பு மங்கிய பிறகு விழும் ஒவ்வொரு அடியும் பின்னால் விரிசலாக வந்து நிற்கும். வெள்ளை நெருங்கிப் பொறி பறந்தால் அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான், எரிந்த எஃகுக்கு மருந்தில்லை.

வாய்ப் பக்கத்தைத் தட்டி மெலிசாக்கும்போது அந்தப் பக்கம் நீளும், அலகு முதுகுப் பக்கமாக வளையும். அதனால் மெலிசாக்கும் முன்பே நுனியை வாய்ப் பக்கமாகச் சற்று வளைத்துவிடுங்கள், தட்டத் தட்டத் தானே நேராகிவிடும். உலையில் இருந்து முடிந்து வரும்போது வாய் 2 மி.மீ. இருக்கட்டும். அரத்தில் 1.5 வரை இறக்கலாம், தோய்ச்சலுக்கு முன் அதற்குக் கீழே போகாதீர்கள். மெல்லிய வாய் வளைவதற்கும் விரிவதற்கும் முதல் ஆள்.

அரம் போடும்போது: 36 நம்பர் டிஸ்க் குறுக்கே கிழித்த கோடுகளோடு தோய்க்கக் கூடாது. விரிசல் அந்தக் கோட்டில்தான் தொடங்கும். கடைசித் தேய்ப்பு அலகின் நீளவாக்கில், 120 நம்பராவது இருக்கட்டும். காம்பும் அலகும் சேரும் மூலையை உளியால் வெட்டினது மாதிரி செங்கோணமாக விடாதீர்கள். உருண்டை அரத்தால் 3 மி.மீ. வளைவு கொடுங்கள்.

சமன்படுத்துதல்: அடித்து முடித்ததும் நேரே தோய்ச்சலுக்குப் போவதுதான் நம் பக்கம் பலரும் செய்கிற தவறு. அடியில் எஃகின் உள்மணி (எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய பரல்) பெருத்தும் முறுக்கிக்கொண்டும் கிடக்கும். மூன்று முறை காய்ச்சி ஆறவிடுங்கள். முதல் முறை காந்தம் ஒட்டாத நிலையைத் தாண்டி நன்றாகச் சிவந்த சூடு, அடுத்த இரண்டு முறை ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு முறையும் காந்தம் திரும்ப ஒட்டும் வரை அசையாத காற்றில் தொங்கவிடணும். ஈரத் தரையில் வைக்காதீர்கள், ஃபேன் காற்று படக்கூடாது, தேவனாம்பட்டினம் பக்கம் பட்டறை என்றால் கடல்காற்று வரும் சன்னலையும் சாத்துங்கள். வளைவுப் பிரச்சினையில் பாதி இங்கேயே தீரும். வளைந்ததை நிமிர்த்த வேண்டியதும் இந்தக் கட்டத்தில்தான்.

தோய்ச்சல் சூடு: இதுதான் உயிர். எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது அதற்கு மேலே, 830 முதல் 850 வரை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, ஒட்டாமல் போன பிறகு நிறம் இன்னும் ஒரு படி ஏறியதும் எடுங்கள். அதற்கு மேல் போனால் மணி பெருக்கும், வாய் சில்லு போகும். வெயிலில் நிறம் தெரியாது. நண்பகலில் 'மங்கல் சிவப்பு' என்று நினைப்பது நிழலில் பார்த்தால் ஆரஞ்சு. தோய்ச்சலை மாலை இருட்டிய பிறகோ, மூடிய நிழலிலோ வையுங்கள்.

கண்ணைப் பழக்க ஒரு வழி: சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும். மரக்காணம் கல்லுப்பைப் பொடித்து, சட்டியில் வறுத்து ஈரம் போக்கி (ஈரம் இருந்தால் வெடித்துத் தெறிக்கும்), காய்ந்த வெட்டுத் துண்டின்மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். உப்பு உருகிப் பளபளக்கும் நொடியில் இருக்கும் நிறத்தை மனதில் பதியுங்கள். தோய்ச்சல் நிறம் அதைவிட ஒரு சாயல் கூட. இதை வெட்டுத் துண்டில் மட்டும் செய்யுங்கள், கத்தியில் உப்பு வேண்டாம்.

சூடு சீராக ஏற, கரிக்குள் ஒரு இரும்புக் குழாயைப் படுக்க வைத்து அதற்குள் அலகை நுழையுங்கள். ப்ளோயர் காற்று நேரே அலகில் படாது, நுனி முந்திக் காயாது, மேல்தோலில் கரி எரிந்து போவதும் குறையும். ஜிங்க் பூசிய தண்ணீர்க் குழாய் எடுத்துவிடாதீர்கள், அந்த வெள்ளைப் புகை காய்ச்சல் வரவைக்கும். சூடு வந்ததும் குழாய்க்குள்ளேயே மூன்று நான்கு நிமிடம் நிற்கட்டும். குரோமியம் இருக்கும் எஃகுக்கு இந்த நேரம் அவசியம்.

---

அரியாங்குப்பம்_அரம்

மேலே சொன்னதோடு எண்ணெய்க் கணக்கையும் சேர்த்துக்கங்க.

12 செ.மீ. விட்டம், 45 செ.மீ. உயரத்துல ஒரு இரும்புக் குழாயை அடியில தகடு வெல்ட் பண்ணி நிமிர்த்தி நிறுத்துங்க. 4 லிட்டர் ஊத்துனா 35 செ.மீ. ஆழம் வரும், உங்க 8 அங்குல அலகு மொத்தமும் முங்கும். சன்ஃபிளவர், கடலை எண்ணெய், பாமாயில் எதுவும் பரவாயில்ல. பழைய எஞ்சின் ஆயில் வேண்டாம். அதுல என்னென்ன உலோகம் கிடக்குன்னு யாருக்கும் தெரியாது, புகையும் கெட்டது. சாப்பிடுற மீனை வெட்டுற கத்தி வேற. பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது.

எண்ணெய் 50–60 டிகிரிக்குச் சூடா இருக்கணும். ஆறிப்போன எண்ணெய் கெட்டியா இருந்து சூட்டை மெதுவா வாங்கும், அதனால வாய்ல கெட்டி சரியா ஏறாது. ஒரு இரும்புத் துண்டைச் சிவக்கக் காய்ச்சி உள்ள விட்டுக் கலக்குங்க. குழாயை வெளிப்பக்கம் தொட்டா கை வைக்க முடியாத சூடு, அதுதான் அளவு.

இறக்கும்போது நுனி முதல்ல, நேர் செங்குத்தா. சாய்ச்சு இறக்குனா ஒரு பக்கம் முந்திக் குளிரும், அலகு வளைஞ்சுடும். உள்ள போனதும் வாய்ப் பக்கமும் முதுகுப் பக்கமுமா முன்னும் பின்னும் ஆட்டுங்க, பக்கவாட்டுல துழாவக் கூடாது. எண்ணெய்க்கு மேல சிவந்த காம்பு நின்னா தீ பிடிக்கும். தகட்டு மூடி ஒண்ணு கையெட்டுற இடத்துல இருக்கட்டும். தண்ணி ஊத்தி அணைக்கலாம்னு நினைச்சா பட்டறையே போயிடும்.

எட்டு பத்து செகண்டுல வெளிய எடுங்க. புகைஞ்சுகிட்டே வரும். இந்த நேரத்துல எஃகு இன்னும் முழுசா கெட்டியாகல. பக்கவாட்டு வளைவு இருந்தா ரெண்டு மரப்பலகைக்கு நடுவுல வைஸ்ல பிடிச்சு நேராக்கிடலாம், ஒரு நிமிஷம் கூட கிடைக்காது. அப்புறம் நிமிர்த்தப் பார்த்தா ரெண்டா வரும்.

கை தாங்குற சூட்டுக்கு வந்ததும் வாய்ல ஒரு புது அரத்தை ஓட்டிப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா கெட்டி ஏறியிருக்கு. கடிச்சா அவசரப்பட்டு மறுபடி காய்ச்ச வேண்டாம். மேல்தோலை கால் மி.மீ. தேய்ச்சு எடுத்துட்டு இன்னொரு தடவை பாருங்க. உலையில மேல்தோல்ல கரி எரிஞ்சு போயிருக்கும், அடியில நல்லாவே இருக்கும்.

உங்ககிட்ட இருக்கிற சில்லு போன கத்தி ஒண்ணை வைஸ்ல வச்சு உடைச்சுப் பாருங்க. உடைஞ்ச முகம் ரவை மாதிரி மினுமினுன்னு இருந்தா சூடு ஏறிப்போச்சு. மங்கலா, பொடிசா, சாம்பல் நிறமா இருந்தா தோய்ச்சல் சரி, பதம்தான் விட்டுப்போச்சு.

---

சாணைக்காரன்

எல்லாரும் தண்ணியைத் திட்டுறீங்க. நம்ம பக்கத்து கொல்லர் பட்டறைகள்ல அரிவாள், கொடுவாள் எல்லாம் தலைமுறை தலைமுறையா தண்ணியிலதான் தோய்க்கிறாங்க, விரியலையே?

---

பட்டடைக்கல்

விரியாததற்குக் காரணம் இருக்கிறது, சாணைக்காரரே. அவர்கள் அரிவாளை முழுசாக முக்குவதில்லை. வாய் மட்டும் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீரில் படும். முதுகு சிவந்தபடியே நிற்கும். உடனே எடுத்துச் செங்கல்லில் வாயைத் தேய்த்துப் பளிச்சாக்குவார்கள். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப் பக்கம் இறங்கும்போது வெளிர் மஞ்சள், வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடிவரும். வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி தண்ணீர். தோய்ச்சலும் பதமும் ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. அலகு முழுதும் கெட்டியாகாததால் உள்ளிழுப்பு குறைவு. வாயும் 2, 3 மி.மீ. கனத்தில் இருக்கும், பல சமயம் எஃகும் கரி குறைந்ததாக இருக்கும். நல்ல முறை, கண் வேண்டும்.

அதே கையை 4 மி.மீ. முதுகு, 1.5 மி.மீ. வாய் உள்ள மீன் கத்தியில் வைத்தால் ஓடுவதற்கு முதுகில் சூடே மிச்சமிருக்காது. நிறம் ஓடுகிற வேகமும் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் மெல்லிய கத்திக்கு எண்ணெயும் தனியாகப் பதமும் சொல்கிறோம். கொடுவாள் அடிக்கிறவர் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

---

அரியாங்குப்பம்_அரம்

பதத்துக்கு வருவோம், அதை யாரும் இன்னும் முழுசா சொல்லல.

தோய்ச்ச கத்தியை ராத்திரி முழுக்க மேசையில போட்டு வைக்கக் கூடாது. அந்த நிலையில எஃகு கண்ணாடி, கீழ விழுந்தாலே உடையும், சும்மா இருக்கும்போதே கூட விரிசல் விடலாம். ஒரு மணி நேரத்துக்குள்ள பதத்துக்குப் போகணும்.

ஓவன் இருந்தா: 200 டிகிரி, ரெண்டு மணி நேரம், வெளிய எடுத்து முழுசா ஆறவிட்டு, மறுபடி ரெண்டு மணி நேரம். ஓ.டி.ஜி. (வீட்டுச் சின்ன மின் ஓவன்) திருகியில காட்டுற எண்ணை நம்பாதீங்க, 20–30 டிகிரி மேல கீழ அலையும். உள்ள தனி தெர்மாமீட்டர் ஒண்ணு வச்சு, கத்தியை ஒரு தட்டு மணல்ல புதைச்சு வச்சா அந்த அலைச்சல் கத்திக்குப் போகாது.

ஓவன் இல்லாட்டி மணல் சட்டி. வார்ப்பிரும்புச் சட்டியில அஞ்சு செ.மீ. சலிச்ச ஆத்து மணல், சிம்ல கேஸ் அடுப்பு, மேல தகட்டு மூடி. கத்தி மணலுக்கு நடுவுல, சட்டியோட அடியைத் தொடக் கூடாது. சூடு தெரிய ஒரு தந்திரம்: எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கிற 60/40 சால்டரிங் ஈயம் 190 டிகிரி பக்கத்துல முழுசா உருகும். கலப்பில்லாத வெள்ளீயம், அதான் பாத்திரத்துக்குப் பூசுறது, ஈயச்சொம்பு செய்யிறது, அது 232ல உருகும். ரெண்டுலயும் ஒரு துண்டை ரெண்டு சின்னத் தகட்டுல வச்சு கத்தி பக்கத்துல மணல்ல வைங்க. முதலாவது உருகி, ரெண்டாவது உருகாம நிக்கிற வரைக்கும் நீங்க சரியான இடத்துல இருக்கீங்க. காரீயம் கலந்த சமாச்சாரம், அதனால இதை வீட்டுச் சமையலறையில செய்யாதீங்க, அந்தச் சட்டியில அப்புறம் சமைக்கவும் கூடாது.

வைக்கோல் நிறத்தைப் பார்த்துப் பதம் வைக்கலாமான்னு கேப்பீங்க. கரி எஃகுக்கு அந்த நிற அட்டவணை சரி. குரோமியம் சேர்ந்த பட்டையில அதே நிறம் வர இன்னும் கூடுதல் சூடு வேணும். அதனால வைக்கோல் நிறம் வர்ற வரைக்கும் காத்திருந்தா நினைச்சதைத் தாண்டியிருப்பீங்க. ரெண்டு மணி நேரம் வைக்கும்போது நிறமும் தனியா கூடிக்கிட்டே போகும். ஈயத் துண்டு பொய் சொல்லாது.

முள்ளுல அடி விழுற கத்திக்கு நான் 200ஐ விட 220ஐ எடுப்பேன். கொஞ்சம் கூர் சீக்கிரம் போகும், சில்லு போகாது. 260க்கு மேல மட்டும் போகாதீங்க. கெட்டித்தனமும் போய், குரோமியப் பட்டைன்னா அந்த இடத்துல எஃகு நொறுங்குற குணத்துக்கும் வந்துடும்.

---

முதுநகர்_உலை

ரொம்ப நன்றி. உடைத்த முகம் ரவை மாதிரிதான் இருக்கு, அப்போ சூடுதான். இன்னும் மூன்று சந்தேகம். கெட்டுப்போன கத்திகளை மறுபடி காய்ச்சிக் காப்பாற்ற முடியுமா? கரிக்குப் பதிலா நெய்வேலி பழுப்பு நிலக்கரி மலிவா கிடைக்குதே, அது உலைக்கு ஆகுமா? வாயின் கனம், சாணைக் கோணம் எவ்வளவு?

---

பட்டடைக்கல்

விரிசல் இல்லாத கத்தி என்றால் முடியும். மூன்று முறை சமன்படுத்தி மறுபடி தோயுங்கள், மணி சிறுத்துவிடும். விரிசல் விட்டதை உலையில் ஒட்டவைக்க முடியாது. விரிசல் முடியும் இடத்துக்கு அப்பால் வெட்டி, சின்னக் கத்தியாக்குங்கள்.

நெய்வேலி சரக்கு உலைக்கு ஆகாது. தோண்டி எடுக்கும்போது அதில் ஏறக்குறைய பாதி ஈரம். காய்ந்தாலும் புகையும் பிசினும் கூட, சூடு கம்மி, போதாததற்குக் கந்தகம் வேறு. அது கொதிகலனுக்கான எரிபொருள். கையில் இருக்கும் சவுக்குக் கரியே நல்லது, கட்டியை வாதுமைக் கொட்டை அளவுக்கு உடைத்துச் சலித்துப் போடுங்கள். பெரிய கட்டிக்கு நடுவே காற்று புகுந்து செதில்தான் கூடும். கொட்டாங்குச்சிக் கரி கிடைத்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம், நின்று எரியும்.

---

சாணைக்காரன்

சாணைக் கணக்கு நான் சொல்றேன்.

பதம் முடிஞ்ச பிறகு 1.5 மி.மீ. வாயை இறக்கி, கூர் வைக்கும் முன்னாடி 0.6–0.7ல நிறுத்துங்க. முள்ளு வெட்டாம வெறும் சதை சீவுற கத்தின்னா 0.3–0.4 வரைக்கும் போகலாம். பெல்ட்ல 60, 120, 240. கையுறை இல்லாம பிடிங்க, சூடு தெரியணும். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணியில ஒரு முக்கு. வாய்ல ஒரு பொட்டு நீலம் வந்தாலும் அந்த இடம் மெதுவாகிப் போச்சு, நீலம் மறையத் தேய்ச்சா நிறம் போகும், கெட்டித்தனம் திரும்பாது. அந்த இடத்தை அரை மி.மீ. உள்ள தள்ளித்தான் வாய் எடுக்கணும். முகமூடி இல்லாம பெல்ட் முன்னாடி நிக்காதீங்க.

பிறகு உப்புத்தாள் 220, 400, 600. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கிற திசையை மாத்துங்க, முந்தின நம்பரோட கோடு ஒண்ணு கூட தெரியக் கூடாது. உங்க ஊருக்கு 600க்குக் கீழ நிறுத்தாதீங்க. கோட்டுக்குள்ள உப்புத்தண்ணி நின்னா அங்கதான் துரு ஆரம்பிக்கும்.

கூர்: ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி. உங்க அலகு அகலம் 48 மி.மீ.ன்னா கல்லுக்கு மேல முதுகு 16 மி.மீ. தூக்கியிருக்கணும். அந்த உயரத்துக்கு ஒரு மரக்கட்டை வெட்டி வச்சுக்கிட்டா கை பழகும். சதைக் கத்திக்கு 15 டிகிரி, முதுகு 12 மி.மீ. ரெண்டு பக்கக் கார்போரண்டம் கல்லுல முரட்டுப் பக்கம் பிசிறு எழுற வரைக்கும், அப்புறம் மெல்லிய பக்கம், 1000 நம்பர் கல்லோட நிறுத்திக்கலாம். மீன் தோலுக்கு அதுக்கு மேல மெருகு ஏத்துனா வழுக்கும், கொஞ்சம் பல் இருந்தாத்தான் கடிக்கும்.

---

பண்ருட்டி_பலா

பிடிக்கும் துருவுக்கும் நான்.

பிடி ஆடுவதற்கு முதல் காரணம் ஈர மரம். எந்த மரமானாலும் கட்டையாக வெட்டி நிழலில் வைத்து வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் காம்பு ஏற்ற வேண்டும். எங்கள் ஊர்ப் பலா வேலைக்கு இலகு, பார்க்க அழகு, ஆனால் அடி விழும் கத்திக்குச் சற்று மெது. பூவரசு உங்களுக்குப் பொருத்தம்: இழை பின்னியிருக்கும், எளிதில் வெடிக்காது, ஈரத்தில் நிற்கும். புளியின் வைரம் இன்னும் கெட்டி, விரிசல் இல்லாத துண்டு கிடைப்பதுதான் கஷ்டம். சவுக்கை உலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்கு வெடித்துவிடும்.

அரக்கும் செங்கல் தூளும் போட்டு, காம்பைக் காய்ச்சி ஏற்றுகிற பழைய முறை காய்ந்த கைக்கு நன்றாக நிற்கும். மீன் வெட்டும் இடத்தில் கொழுப்பு போகக் கொதிநீர் ஊற்றுவார்கள், அரக்கு அந்தச் சூட்டில் இளகிவிடும். இதற்கு முழுக்காம்பு, இரண்டு பக்கமும் மரப்பலகை, நடுவில் ஆணி, இதுதான் சரி. காம்பில் துளைகளைத் தோய்ச்சலுக்கு முன்பே போட்டுவிடணும். 5 மி.மீ. கம்பிக்கு 5.2 துளை, மூன்று. இடையில் இரண்டு மூன்று துளை கூடுதலாகப் போட்டால் பசை இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பாலமாகப் பிடிக்கும், எடையும் குறையும். காம்பையும் மரத்தின் உள்முகத்தையும் 80 நம்பரில் கீறி, ஸ்பிரிட்டால் துடைத்து, மெதுவாக இறுகும் அரால்டைட் பூசுங்கள். ஐந்து நிமிட வகை வேண்டாம், தண்ணீரில் அது நிற்பதில்லை. கிளாம்பை லேசாக இறுக்குங்கள், அழுத்திப் பிழிந்தால் பசை முழுதும் வெளியே வந்து மரம் காய்ந்த நிலையில் ஒட்டும். 24 மணி நேரம் தொடாதீர்கள். மரத்துக்கும் எஃகுக்கும் இடையில் முடியளவு சந்து இருந்தாலும் உப்புத்தண்ணீர் உள்ளே போய்க் காம்பு துருவேறி உப்பி, மரத்தைத் தள்ளிவிடும். பிடி ஆடுவதற்கு இரண்டாவது காரணம் இது. முடித்த பிடிக்கு ஆளிவிதை எண்ணெய், மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் ஒட்டாமல் காய்ந்த பிறகு அடுத்தது.

துருவை இந்த எஃகில் நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். கடுக்காய்த் தூள் 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி கொதிக்கவைத்து, ஆறவிட்டு வடிகட்டுங்கள். அலகைப் பாத்திரச் சோப்பில் கழுவி, ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு போக்கி, கை படாமல் அதில் தொங்கவிடுங்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருநீலமாகப் படியும். நிறம் போதும் என்றபோது எடுத்துக் கழுவி, நன்றாகத் துடைத்து, மெடிக்கலில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இரண்டு சொட்டு. கைரேகை பட்ட இடம் மட்டும் கருக்காமல் விட்டிருந்தால் பிசுக்கு சரியாகப் போகவில்லை, தேய்த்துவிட்டு முதலிலிருந்து. கடுக்காய் இல்லையென்றால் கெட்டியான டீ டிகாஷனில் அரைத் தம்ளர் வினிகர் விட்டும் இதே வேலை நடக்கும், நிறம் சாம்பலாக வரும்.

தேங்காய் எண்ணெய் பூசி வைப்பதைப் பலரும் செய்கிறார்கள். தினம் கழுவும் கத்திக்குச் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடை மூடி வாரக்கணக்கில் வைப்பதானால் அது சிக்குப் பிடித்து நாறும், அப்போது வாஸ்லினை மெல்லத் தடவி உலர்ந்த செய்தித்தாளில் சுற்றுங்கள். தோல் உறையிலோ ஈரச் சாக்கிலோ போட்டு வைத்தால் கருப்புப் பூச்சு இருந்தும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

---

சாணைக்காரன்

தண்ணி விஷயத்துல ஒப்புக்கிறேன், கொடுவாளோட நிறுத்திக்கலாம். பண்ருட்டிக்காரரே, ஆணிக்குப் பித்தளையா, ஸ்டெயின்லெஸ்ஸா?

---

பண்ருட்டி_பலா

மீன் கத்திக்கு 304 ஸ்டெயின்லெஸ் கம்பி. பித்தளையும் நிற்கும், உப்புத்தண்ணீரில் பச்சை பூத்துக் கையில் ஒட்டும், வாங்குகிறவர் கேள்வி கேட்பார். இரண்டிலும் துளைக்குள் பசை நிரம்பியிருக்க வேண்டும். எஃகோடு வேறு உலோகம் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு எஃகின் பக்கம்தான் போகும். ஸ்டெயின்லெஸ்ஸைத் தலை பருக்கத் தட்டும்போது மரம் பிளக்கும், அதனால் தட்டாமல் பசையிலேயே நிறுத்தி, மரத்தோடு சமமாக அரம் போட்டுவிடுங்கள்.

---

முதுநகர்_உலை

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: பழைய பால்பேரிங் வெளிவளையம் நிறையக் கிடைக்குது. இதே முறையில் அதையும் தோய்க்கலாமா?

---

அரியாங்குப்பம்_அரம்

இதே முறை ஒத்துவராது. அது பெரும்பாலும் ஈஎன் 31, வெளிநாட்டுல 52100ன்னு சொல்றது. கரி ஒரு சதவீதம், குரோமியம் ஒன்றரை. கூர் நல்லா நிக்கும், ஆனா சூட்டு வரம்பு குறுகல், அந்தச் சூட்டுல பத்து நிமிஷமாவது சீரா நிக்கணும். கரி உலையில காந்தத்தை வச்சுக்கிட்டு அதைப் பிடிக்கிறது சிரமம், கொஞ்சம் ஏறுனா சில்லு போகும். அடிக்கும்போதும் சிவப்பு மங்குறதுக்குள்ள கை எடுக்கணும், பட்டையைவிடச் சீக்கிரம் விரியும். முள்ளு வெட்டுற கத்திக்குப் பட்டையே போதும். பேரிங்கை எடுத்து வைங்க, சதை சீவுற மெல்லிய கத்திக்கு, சூடு காட்டுற மீட்டரோட ஒரு சின்ன மின் உலை அமைஞ்ச பிறகு பார்த்துக்கலாம். அப்பவும் வளையத்தை முதல்ல காய்ச்சி, சாம்பல்ல புதைச்சு ராத்திரி முழுக்க ஆறவிட்டுத்தான் வெட்டணும். இல்லாட்டி கட்டிங் டிஸ்க்தான் தேயும்.